உணர்ச்சி உச்சம், தேநீருக்கு முன்

சனிக்கிழமை எண்பதாவது பிறந்தநாள் கொண்டாட வேண்டிய அம்மாள், வியாழக்கிழமை சாயங்காலம் தனக்கு எழுபத்தெட்டுதான் ஆகிறது என்று சொல்லிவிட்டார்.

"மாமியார் கணக்குப் போட்டுப் பார்த்துட்டாங்க தம்பி. யாரோ ரெண்டு வருஷம் கூட்டிச் சொல்லியிருக்காங்களாம்," என்றாள் அந்த வீட்டு மருமகள் போனில்.

"ஆன்ட்டி, கேக் சொல்லியாச்சு. பேனர் அடிச்சாச்சு. காலேஜ் ஹாலை எழுதி வாங்கியாச்சு!"

"ரெண்டு வருஷம் கழிச்சு வெச்சுக்கலாம்ங்கறாங்க. நீ எங்கேயும் போயிடாதேப்பா."

போனை வைத்தபோது மேனேஜருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மேனேஜர் என்பது அவன் தங்கை வைத்த பெயர். மற்றபடி அவன் எதற்கும் மேனேஜர் இல்லை. பல்கலைக்கழகத்தில் விருந்தோம்பல் மற்றும் நிகழ்ச்சி மேலாண்மை படிக்கிற கடைசி வருட மாணவன். இத்தனை நாள் படித்ததில் நாப்கினை அன்னமாகவும் படகாகவும் மடிக்கக் கற்றிருந்தான். சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவி வைப்பது மட்டும் எந்தப் பாடத்திலும் வரவில்லை போலிருக்கிறது.

இறுதித் தேர்வு என்பது, நிஜமான ஒருவருக்கு நிஜமான ஒரு விழாவை நடத்திக் காட்டுவது. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து ஓரமாக உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். நாடகம் போட்டால் பூஜ்யம். போன வருடம் ஒருவன் வகுப்புத் தோழர்களையே மணமக்களாக்கி மேடையேற்றினான். மாப்பிள்ளை மணப்பெண்ணைப் பார்த்து, "அக்கா, ரெக்கார்டு நோட்டு எழுதி முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டுத் தொலைத்தான். அன்றிலிருந்துதான் இந்த விதி.

கடற்கரையோரத்துப் பெரிய ஓட்டல் ஒன்று மேனேஜரை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. தேர்வில் தேறினால் ஓட்டல். தேறாவிட்டால் இன்னொரு வருடம் அன்னப்பறவை.

சாப்பாட்டு மேஜையில் விஷயத்தைப் போட்டு உடைத்தான்.

"நம்ம வீட்டுல யாருக்காவது பிறந்தநாள் வருதா?" என்று அம்மா விரல்விட்டு எண்ணினாள்.

"எல்லாருக்கும் போயிடுச்சும்மா," என்றாள் தங்கை. "எனக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சுன்னு யாராவது ஆரம்பிச்சீங்க, நான் இப்பவே ஹாஸ்டலுக்குப் போயிடுவேன்."

மேனேஜரின் பார்வை மெல்ல நகர்ந்து அப்பாவின் மேல் வந்து நின்றது.

அப்பா மின்விசிறி கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவர். பிறந்ததிலிருந்து பொய் சொல்லி அறியாதவர். ஒரு முறை காய்ச்சலுக்கு லீவு கேட்டு எழுதும்போது, "காய்ச்சல் அவ்வளவாக இல்லை" என்று கூடவே எழுதி, லீவு கிடைக்காமல் போனவர்.

"அப்பா, உங்க ரிட்டயர்மென்ட்டை வெச்சுக்கலாமா?"

அப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலப்பா. என் சொந்த ஐடியா."

அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவருக்கு இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கேடா!" என்றாள் அம்மா.

"அது நமக்குத் தெரியும். தேர்வாளருக்குத் தெரியுமா? ஆபீஸ்ல நாலு பேரைக் கூட்டிட்டு வந்தா போதும். ரெண்டு பேர் பேசணும், ஒருத்தர் அழணும். முடிஞ்சுது பிரிவு உபசார விழா."

"நல்லா இருக்கு," என்றாள் தங்கை. "பொய்யா ரிட்டயர் பண்ணி, பொய்யா அழ வெச்சு, நிஜமா மார்க் வாங்கப் போறான்."

அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆனால் மறுநாள் காலையில் ஷூ மாட்டிக்கொண்டே அப்பா சொன்னார்: "சரி. வெச்சுக்கோ."

"நிஜமாவாப்பா?"

"ஆபீஸ்ல இருக்கிற எல்லாரையும் கூட்டிட்டு வரேன். நாளைக்கு அரை நாள்தான். மத்தியானம் நேரா அங்க வந்துடுவோம்."

"எல்லாருமா? நாலு பேர் போதும்பா."

"ஒருத்தரை விட்டுட்டு ஒருத்தரைக் கூப்பிட முடியாது. வந்தா எல்லாரும் வரணும்."

"அப்ப நான் சாயங்காலம் ஆபீஸுக்கு வந்து சின்னதா ஒரு ரிகர்சல்..."

"நீ அங்கெல்லாம் வர வேண்டாம். நான் சொல்லிக்கறேன்."

"அவங்களுக்கு அழ வருமாப்பா?"

அப்பா ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். "வரும்," என்றார்.

அப்பா சம்மதித்த மகிழ்ச்சியில் மேனேஜர் வேலையில் குதித்தான்.

முதல் தலைவலி பேனர். "80 ஆண்டுகள் நிறைவு! வாழ்க வளமுடன்!" என்று சிவப்பு எழுத்தில் கண்ணைப் பறித்தது. புதிதாக அடிக்க நேரமில்லை. அப்போதுதான் அவனுடைய மூளை வேலை செய்தது. எட்டின் இடது பக்கத்தை மறைத்தால் மூன்று! முப்பது ஆண்டுகள்! அப்பா அந்தக் கம்பெனியில் கிட்டத்தட்ட அத்தனை வருடம்தான் இருக்கிறார். வெள்ளைத் தாளைக் கத்தரித்து ஒட்டினான். தூரத்திலிருந்து பார்த்தால் மூன்று மாதிரியே இருந்தது. கிட்டத்திலிருந்து பார்த்தால் கட்டுப் போட்ட எட்டு மாதிரி இருந்தது.

கேக்கும் எண்பது வடிவத்தில்தான் வந்து இறங்கியது. சமையல் பிரிவு நண்பன் கத்தியோடு வந்து எட்டின் இடது பக்கத்தை அறுவைச் சிகிச்சை மாதிரி வெட்டி எடுத்தான். வெட்டியதைத் தங்கை சாப்பிட்டுவிட்டாள். மூன்று ஒரு நிமிடம் நிமிர்ந்து நின்றது. பிறகு மெல்ல முன்பக்கம் குனிந்தது.

"இது ஏன்டா மயக்கம் போடுது?"

"முதுகெலும்பை எடுத்துட்டோம்ல," என்றான் நண்பன். இரண்டு ஸ்பூன்களை முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள்.

சனிக்கிழமை மதியம் தேர்வாளர் வந்தார். பெரிய பெரிய ஓட்டல்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தேநீரைக் குடிப்பதற்கு முன் முகர்ந்து பார்ப்பவர். அவருடைய புன்னகை லிஃப்ட் கதவு மாதிரி திறந்து, யாரும் ஏறுவதற்குள் மூடிக்கொண்டது.

"உங்க நிகழ்ச்சியில உணர்ச்சி உச்சம் எப்போ?" என்று முதல் கேள்வியாகவே கேட்டார்.

மேனேஜர் காத்திருந்த கேள்வி அது. பேராசிரியர் படித்துப் படித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்: எந்த விழாவுக்கும் உணர்ச்சி உச்சம் என்று ஒன்று உண்டு, அது எப்போது வரும் என்பது சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியாவிட்டாலும் மேனேஜருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"ரெண்டாவது பேச்சு முடிஞ்சதும் சார். தேநீருக்கு முன்னாடி."

"எவ்வளவு நேரம்?"

"மூணு நிமிஷம் சார்."

தேர்வாளர் திருப்தியோடு குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு வெகுநேரம் அவர் எதையும் திருப்தியோடு குறித்துக்கொள்ளவில்லை.

மின்விசிறி கம்பெனி மொத்தமும் இரண்டு வேன்களில் வந்து இறங்கியது. எல்லாருக்கும் முன்னால் வந்தவர் ஸ்டோர் மாமா. அப்பாவின் அலுவலகத்தில் ஸ்டோர் கீப்பர். மேனேஜரைச் சின்ன வயதில் தோளில் தூக்கித் திரிந்தவர், பருமனான மனிதர். வாசலிலேயே மேனேஜரை இழுத்துக் கட்டிக்கொண்டு, "உன்னை மாதிரி ஒரு பிள்ளை கிடைக்க உங்கப்பா கொடுத்து வெச்சிருக்கணும்டா!" என்று ஓவென்று அழுதார்.

மேனேஜருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் காதருகே போய், "மாமா, இப்ப வேண்டாம்," என்றான்.

"என்ன வேண்டாம்?"

"அழுகை. ரெண்டாவது பேச்சு முடிஞ்சதும்தான். நான் கை காட்டறேன்."

ஸ்டோர் மாமா அழுகைக்கு நடுவே சிரித்தார். "இந்த நேரத்துலயும் என்னைச் சிரிக்க வெக்கறே பாரு!" என்று இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, இன்னும் பலமாக அழுதார்.

பின்னால் வந்த டைப்பிஸ்ட் அம்மா அதைப் பார்த்தாள். அவளுக்கும் பொங்கிவிட்டது. அவளைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். வரவேற்பு பானம் குடிப்பதற்குள் வாசலில் உணர்ச்சி உச்சம் வந்துவிட்டது. தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாப்கின் கொடுங்கடா!" என்று மேனேஜர் பல்லைக் கடித்தான்.

உதவிக்கு வந்திருந்த வகுப்புத் தோழர்கள் நாப்கின்களோடு ஓடினார்கள். எல்லாம் கழுத்து வளைந்த அழகான அன்னங்கள். பிரிக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஆளுக்கொரு அன்னத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, கண்ணைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்கள்.

அழுகையை அடக்கக் கலகலப்பாக ஏதாவது போடச் சொன்னான் மேனேஜர். ஒலிபெருக்கிப் பொறுப்பில் இருந்தவன் கையில் அந்த எண்பது வயது அம்மாளுக்காகத் தயார் செய்த பாட்டுகள்தான் இருந்தன. பிறந்தநாள் வாழ்த்து ஹாலே அதிர முழங்கியது. டைப்பிஸ்ட் அம்மா குழம்பிப்போய் அப்பாவிடம், "சார், இன்னிக்கு உங்க பிறந்தநாளுமா? கடவுளே, இன்னிக்குப் பார்த்தா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் அழத் தொடங்கினாள்.

மேனேஜர் அவசரமாகப் பாட்டை நிறுத்தி எல்லாரையும் நாற்காலிகளில் உட்காரவைத்தான். ஹாலில் மின்விசிறிகள் ஓடவில்லை. ஓடினால் பேனரில் ஒட்டிய தாள் பறந்துவிடும் என்று அவன்தான் நிறுத்தி வைத்திருந்தான். வேறு எந்த விருந்தாளிகளாக இருந்தாலும் புழுக்கத்தைப் பொறுத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பார்கள். இவர்கள் மின்விசிறியோடு வாழ்ந்தவர்கள். வரிசையாக எல்லாத் தலைகளும் கூரையைப் பார்த்து நிமிர்ந்தன.

"கெப்பாசிட்டர் போயிருக்கும்," என்றார் ஒருவர்.

"நம்ம மாடல்தான். இதுல கெப்பாசிட்டர் அவ்வளவு சீக்கிரம் போகாது."

"ஐயா, உட்காருங்க, ஃபேன் ரிப்பேர், நாங்க பார்த்துக்கறோம்," என்று மேனேஜர் கெஞ்சினான்.

"ரிப்பேர்னு எங்ககிட்டயா சொல்றே?" ஸ்டோர் மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சுவரில் இருந்த அத்தனை ஸ்விட்சுகளையும் ஒரே தட்டாகத் தட்டினார். விசிறிகள் சுழன்றன. மின்விசிறி கம்பெனி கை தட்டியது. தாள் பேனரை விட்டுக் கிளம்பி, நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி, தேர்வாளரின் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

அவர் தாளை எடுத்துவிட்டு பேனரைப் படித்தார்.

"எண்பது வருஷமா வேலை பார்த்திருக்காரு உங்கப்பா?"

"சின்ன வயசுலயே சேர்ந்துட்டார் சார்," என்றான் மேனேஜர், வாய்க்கு வந்ததை.

"கேக்குல முப்பதுன்னு போட்டிருக்கே?"

இருவரும் கேக்கைப் பார்த்தார்கள். அதற்கும் காற்று பட்டிருக்க வேண்டும். மூன்று குப்புறப் படுத்திருந்தது. பூஜ்யம் மட்டும் நிமிர்ந்து நின்று மேனேஜரைப் பார்த்தது.

வேறு வழியில்லாமல் தேநீரை முன்னதாகவே கொடுக்கச் சொன்னான். தேநீர் முடிந்ததும் பேச்சுகள். முதலில் பேசிய ஸ்டோர் மாமா மைக்கைப் பிடித்து, "சார்..." என்று ஆரம்பித்து, மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டாவதாக டைப்பிஸ்ட் அம்மா வந்தாள். மேனேஜர் கையைத் தூக்கத் தயாராக நின்றான்.

"நான் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு மெஷின்ல ரிப்பன் மாட்டத் தெரியாம முழிச்சேன்," என்றாள் அவள். "யாரும் பார்க்கறதுக்குள்ள வந்து மாட்டிக் கொடுத்தது சார்தான். கையெல்லாம் மை. அதை இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல."

மேனேஜர் கையைத் தூக்கினான். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. எல்லாம் வாசலிலேயே தீர்ந்துபோயிருந்தது. அத்தனை பேரும் அன்னத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்கள். மேனேஜர் கையை அப்படியே தலைக்குக் கொண்டுபோய் முடியைக் கோதிக்கொண்டான்.

இனி அப்பாதான் கதி. அப்பாவின் பேச்சை அவனே எழுதிக் கொடுத்திருந்தான். "இங்கே நிறுத்தவும்", "இங்கே கண்ணாடியைக் கழற்றவும்" என்று இடம் பார்த்துக் குறிப்பும் போட்டிருந்தான். அப்பா அந்தத் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"எழுதி வெச்சதைப் படிக்க முடியலை," என்றார். "நாம எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ இருந்தோம். சண்டை போட்டிருக்கோம். யார் மேலயாவது கோபமா பேசியிருந்தா மன்னிச்சுக்குங்க. திங்கட்கிழமை காலையில சட்டையை மாட்டிக்கிட்டு எங்க போறதுன்னு எனக்குத் தெரியலை. உங்களுக்கும் தெரியாது. ஆனா போகணும். வீட்டுல இருக்கிறவங்க முகத்தைப் பார்க்கணும். அது ஒண்ணுதான் கஷ்டம்."

அவ்வளவுதான் பேசினார். கண்ணாடியைக் கழற்றவே இல்லை.

முன்வரிசையில் அம்மா விசும்பினாள். "எல்லாம் பொய்னு தெரிஞ்சும் அழுகை வருதுடி," என்று தங்கையிடம் முணுமுணுத்தாள். தங்கையும் எங்கோ பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். அப்பாவை நினைத்து மேனேஜருக்குப் பெருமையாக இருந்தது. லீவு லெட்டரில் ஒரு பொய் எழுதத் தெரியாத மனுஷர், பிள்ளைக்காக என்னமாய் நடிக்கிறார்!

தேர்வாளர் அவனை ஓரமாகக் கூப்பிட்டார்.

"உனக்கு எதுக்கு மார்க் போடறதுன்னு எனக்குப் புரியலைப்பா."

"சார்?"

"பேனர் தப்பு. கேக் தப்பு. பாட்டு தப்பு. டீ முன்னாடி வந்துடுச்சு, உச்சம் அதுக்கும் முன்னாடி வந்துடுச்சு. ஒண்ணு மட்டும் ஒப்புக்கறேன், இப்படி மனசைத் தொட்ட விழாவை நான் பார்த்ததில்ல. ஆனா அதுல உன் பங்கு என்ன? நல்ல மனுஷர் ஒருத்தர் ரிட்டயர் ஆகறார், கூட வேலை பார்த்தவங்க அழறாங்க. நீ இல்லாட்டாலும் அழுதிருப்பாங்க. உணர்ச்சி அவங்களோடது. குளறுபடி மட்டும்தான் உன்னோடது."

பேனா மதிப்பெண் கட்டத்தை நோக்கி இறங்கியது. கடற்கரை ஓட்டல் அலையோடு அலையாகப் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு வருடம் அன்னம் மடிப்பதை நினைத்ததும் மேனேஜருக்குக் கண் இருட்டியது. விதியாவது ஒன்றாவது!

"சார், அந்த உணர்ச்சியே நான் ஏற்பாடு பண்ணினதுதான் சார்!"

பேனா நின்றது.

"எங்கப்பாவுக்கு ரிட்டயர்மென்ட்டே இல்ல சார். இன்னும் மூணு வருஷம் இருக்கு. இந்த அழுகை, கட்டிப்பிடிக்கறது, ரிப்பன் கதை எல்லாமே நடிப்பு. மொத்த ஆபீஸும் நடிக்குது. ரெண்டே நாள்ல நான் உண்டாக்கினது சார் இது!"

தேர்வாளர் திரும்பி ஹாலைப் பார்த்தார். மேடையோரம் அப்பாவைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் அப்பாவின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

"இது நடிப்பா?"

"சத்தியமா நடிப்பு சார்."

"அந்தக் குண்டு மனுஷர் மைக்கைத் திருப்பிக் கொடுத்தாரே, அது?"

"அதுவும்தான்."

தேர்வாளரின் லிஃப்ட் கதவு முதன்முறையாக முழுசாகத் திறந்து, திறந்தபடியே நின்றது.

"விதிப்படி உனக்கு நான் பூஜ்யம் போடணும்," என்றார் தழுதழுத்த குரலில். "ஆனா தம்பி, நாங்க வாழ்நாள் பூரா ஓட்டல்ல என்ன செஞ்சோம்? யாருன்னே தெரியாதவனைப் பார்த்து, நீ வந்ததுல எவ்வளவு சந்தோஷம்னு சொன்னோம். ஒருத்தனும் நம்பினதில்ல. நீ என்னையே நம்ப வெச்சுட்டே. தொழிலே இதுதானேப்பா!"

அந்த வருடத்தில் யாருக்கும் போடாத மதிப்பெண்ணை அவனுக்குப் போட்டார். போட்டதோடு நில்லாமல் எழுந்து கை குலுக்கினார். கடற்கரை ஓட்டல் முதலாளி தனக்குத் தெரிந்தவர்தான் என்றும், தானே பேசுவதாகவும் சொன்னார்.

மேனேஜருக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்பாவை அப்படியே தூக்கிச் சுற்ற வேண்டும் போலிருந்தது. அதற்குள் அப்பா அம்மாவைத் தனியாகக் கூட்டிக்கொண்டு ஹாலின் மறுகோடிக்குப் போய்விட்டிருந்தார். குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேன் பக்கம் ஸ்டோர் மாமா கிளம்பத் தயாராக இருந்தார். மேனேஜர் ஓடிப்போய் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"மாமா, பின்னிட்டீங்க! ஒருத்தர் பாக்கி இல்லாம என்ன நடிப்பு மாமா!"

ஸ்டோர் மாமா அவனைப் புரியாமல் பார்த்தார். "நடிப்பா? என்ன தம்பி சொல்றே, இன்னிக்கு மத்தியானத்தோட ஆபீஸையே மூடி எங்க எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, அது தெரிஞ்சுதானே உங்கப்பாவுக்கும் எங்களுக்கும் சேர்த்து நீ இந்த விழாவை வெச்சே?"